டெகுவின் இடது பின்னங்கால்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆடி பிறந்த வாரம். குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருந்தது. எங்கள் வீடு தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், பெரிய சாலையை விட்டு இரண்டு தெரு உள்ளே. நாள் முழுக்க வேன்களின் ஹாரன். வயலைத் தடவிக்கொண்டு வருகிற ஈரக்காற்று. கொடியில் நான்கு நாளாகக் காயாமல் கனத்துத் தொங்கும் சேலை. தமிழ்நாடே தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு குளிக்க வருகிற அந்த மாதத்தில், தண்ணீர் பட்டாலே நடுங்கிப் போகிற ஒரு ஜீவன் எங்கள் வீட்டில் இருந்தது.

டெகு. தென் அமெரிக்க மலையோரத்துப் பிராணி என்றாள் மகள். அவள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ஆசையாக வாங்கி வளர்த்ததை, வாடகை வீட்டுக்காரர் ஆகாது என்றதும், கூண்டோடு ரயிலேற்றிக் கொண்டுவந்து எங்களிடம் விட்டாள். ஆறு மாதம் என்றாள். பதினான்கு மாதமாகியிருந்தது. அணிலைவிடப் பெரியது, முதுகில் கோடு கிடையாது, வால் நுனியில் கறுப்பாக ஒரு குஞ்சம். பற்கள் வெற்றிலை போட்டது மாதிரி ஆரஞ்சு நிறம். அப்படி இருந்தால்தான் ஆரோக்கியமாம். பழம் தரக் கூடாது, சர்க்கரை வியாதி வந்துவிடும். வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது, தோல் கழன்று கையோடு வந்துவிடும். மண்ணில் புரண்டுதான் குளிக்கும். மகள் வைத்த பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. பெண் என்பதால், எங்கள் ஊரில் பெண்களை விளிக்கிற வழக்கப்படி நான் 'ஏட்டி' என்று கூப்பிட்டேன். என் கணவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். அவர் குரல் கொடுத்தால் இரண்டு பேரும் திரும்புவோம்.

சாரல் காலத்தில் காய்ந்த மண்ணுக்கு எங்கே போக? நைஸாகச் சலித்த மணலை இரும்புச் சட்டியில் போட்டு வறுத்து, ஆறவைத்து, ஒரு தட்டில் கொட்டி வைப்பேன். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில் ஒரு அடுப்பில் இட்லி, மறு அடுப்பில் மணல். கணவர் போலீஸ் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். முட்டிவலிக்காரர். சமையலறை வாசலில் நின்று சொல்வார், "எனக்கு ரவை வறுக்க உனக்கு நேரமில்ல, எலிக்கு மண்ணு வறுக்க நேரமிருக்கு." அவருக்கு அது எப்போதும் எலிதான். ஆனால் நான் பள்ளிக்குப் போனபிறகு கூண்டைத் திறந்து பழைய பேப்பரை மாற்றி, அறுகம்புல் அலசி உலர்த்திப் போடுவது அவர்தான். யாரும் சொல்லிச் செய்ததில்லை.

ஆடி பிறந்த அந்த வாரத்துக்கு முந்தின வாரம், ஞாயிற்றுக்கிழமை என்னோடு வேலை பார்க்கும் டீச்சர்கள் அருவிக்கு வந்த கையோடு வீட்டுக்கும் வந்தார்கள். கூண்டைச் சுற்றி ஆறேழு தலை. அதன் பல்லைப் பார்த்து ஒருத்தி சிரித்தாள், குஞ்சத்தைப் பார்த்து ஒருத்தி ஆசைப்பட்டாள், எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். மறுநாள் அது சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு மூலையில் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவள் நான். பீரோவில், ஆய்க்குடி கோயில் வாசலில் மகளுக்கென்று வாங்கி, அவள் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாமென்று விட்டுப்போன கறுப்புக் கயிறு கிடந்தது. அதைப் பிரித்து, மெல்லிய இழைகளாக எடுத்து, டெகுவின் இடது பின்னங்காலில் தளர்வாக ஒரு கட்டுக் கட்டினேன். கண்ணேறு கழியட்டும் என்று. கணவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "அதுக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

சாயங்காலத்துக்குள் அது கடித்துத் துப்பிவிட்டது. பேப்பரில் கறுப்புக் கறுப்பாகத் துணுக்குகள். சரிதான், சாமி ஏற்றுக்கொண்டது அவ்வளவுதான் என்று நானே சிரித்துக்கொண்டேன். அவர் கூட்டி அள்ளிப் போட்டார். அடுத்த நாள் அது பழையபடி தின்றது. கயிறு வேலை செய்துவிட்டது என்று உள்ளுக்குள் கொஞ்சம் நம்பவும் செய்தேன். பிறகு அந்த விஷயமே எனக்கு மறந்துபோனது.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை. பள்ளியில் ஆய்வுக்கு வருகிறார்கள் என்று பதிவேடுகளை எழுதி எழுதி விரல் மரத்துப்போய், நனைந்த செருப்போடு வீட்டுக்குள் வந்தேன். டெகு மேல்தட்டிலிருந்து இறங்கவில்லை. கையில் எடுத்துப் பார்த்தால் இடது பின்னங்கால் வீங்கியிருக்கிறது. முருங்கை ஈர்க்கு மாதிரி இருந்த பாதம், வெண்டைப் பிஞ்சு மாதிரி. சிவந்து, மினுங்கி, தொட்டால் கீச்சென்றது.

கூண்டின் கதவு மேலிருந்து கீழே விழுகிற கம்பிக் கதவு. விட்டால் டமாரென்று இறங்கும். அன்று கூண்டைச் சுத்தம் செய்தது அவர். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இவ்வளவு எனக்குப் போதுமாக இருந்தது.

"கதவை இது கால் மேல போட்டிருக்கீங்க," என்றேன்.

"இல்லட்டி. நான் அடைக்கும்போது அது மேல்தட்டுல இருந்துச்சு."

"பின்ன கால் தானா வீங்குமா? உங்க கை போலீஸ் கை. எதையும் இழுத்து அடைச்சுத்தான் பழக்கம்."

"நான் போடலைங்கேன்லா," என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததும் எனக்கு ஒரு சாட்சியாகப் பட்டது.

அன்றைக்கே மகளிடம் போனில் சொன்னேன். 'இருக்கும்' என்றோ 'நினைக்கிறேன்' என்றோ சொல்லவில்லை. "அப்பா கதவை அடைச்சதுல கால் நசுங்கிடுச்சு" என்றேன். மறுமுனையில் அழுகை. அப்பாவுக்கு முதலிலிருந்தே அதைப் பிடிக்காது என்றாள். எலி எலி என்றே சொல்லிக்கொண்டிருந்தார் என்றாள். நான் மறுக்கவில்லை. அதுவரை தினமும் போனை வைக்கும் முன்பு "அப்பாட்ட குடும்மா" என்பாள். அந்த நாளிலிருந்து கேட்கவில்லை. ஹாலில் டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் அவர், என் பேச்சு முடிகிற நேரம் சத்தத்தைக் குறைப்பார். நான் போனை வைத்துவிட்டேன் என்று தெரிந்ததும் மறுபடி கூட்டுவார்.

உடனே டாக்டரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஆய்வு, மழை, களைப்பு. கேட்டால் சொல்ல ஆயிரம் இருக்கிறது. நசுங்கிய கால்தானே, ஓய்வு கொடுத்தால் வற்றிவிடும் என்று செருப்பு டப்பாவில் துண்டு விரித்து அதில் வைத்தேன். கணவரின் முட்டிக்குத் தேய்க்கிற எண்ணெய் ஒரு குப்பி இருந்தது. குற்றாலத்து எண்ணெய்க்கடைகளைப் பார்த்து வளர்ந்தவளுக்கு வீக்கம் என்றால் வேறென்ன தோன்றும்? ஒரு சொட்டு எடுத்து இளஞ்சூடாக்கிக் காலில் தடவினேன். ரோமமெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. அது திரும்பித் திரும்பி நக்கியது. புல்லைத் தொடவில்லை. மண் தட்டை வைத்தால், வறுத்த மணலின் வாசனைக்கு மூக்கை மட்டும் நீட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது. பள்ளியில் பாடத்துக்கு நடுவில் அதன் கால் ஞாபகம் வரும். வீட்டில் அதன் அருகில் உட்கார்ந்தால் திருத்தாத நோட்டுகள் ஞாபகம் வரும். எங்கேயும் முழுதாக இல்லாத ஒரு வாரம். ஒரு கைப்பிடிகூட நிறையாத அந்த உயிர் எப்படி ஒரு வீட்டையே இழுத்துக் கீழே உட்கார வைக்கிறது என்று ஆச்சரியமாக இருந்தது.

வியாழக்கிழமை நான் வந்து பார்த்தபோது பாதம் சிவப்பிலிருந்து ஊதாவுக்குப் போயிருந்தது. தொட்டேன், கீச்சென்றுகூடச் சொல்லவில்லை. விரல்கள் ஜில்லென்றிருந்தன.

நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டார்.

டப்பாவை மடியில் வைத்து, முந்தானையால் மூடி, மேலே ரெயின்கோட்டும் போர்த்திப் பின்னால் உட்கார்ந்தேன். அருவியிலிருந்து திரும்புகிற வண்டிகள் எல்லாம் ஒன்றாக நெரிந்தன. தலை துவட்டாத மனிதர்கள் ஜன்னல் வழியாகச் சிரித்துக்கொண்டும் பாடிக்கொண்டும் போனார்கள். ஊரே கொண்டாட்டமாக இருக்கும்போது ஒருத்தி மட்டும் ஒரு டப்பாவைக் கட்டிக்கொண்டு போவது எவ்வளவு தனிமை தெரியுமா? முட்டிவலியோடு அவர் ஒவ்வொரு பள்ளத்திலும் காலை ஊன்றி ஊன்றி, வண்டி குலுங்காமல் ஓட்டினார். அதை அப்போது நான் கவனித்தேன். ஆனால் குற்ற உணர்ச்சியில் செய்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன்.

தென்காசியில் அந்தக் கால்நடை டாக்டரின் கிளினிக்கில் எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளாடும் ஒரு வேட்டை நாயும் இருந்தன. ஆட்டுக்காரர் எங்கள் டப்பாவை எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, பெருச்சாளியா?"

"வெளிநாட்டு எலி," என்றார் கணவர்.

"எலிக்கு ஊசி போடவா இவ்வளவு தூரம் வாரிய? எங்க ஊருல எலிக்கு வேற மருந்துல்லா வைப்போம்."

"இதுக்குப் பாஸ்போர்ட்டே இருக்கு, பாத்துப் பேசும்," என்றார் இவர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். நாய்க்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டர் முப்பது வயதுக்காரர். டப்பாவைத் திறந்து குனிந்து பார்த்தார். "பொய் சொல்லக் கூடாதும்மா, இதை நான் போட்டோலதான் பாத்திருக்கேன்" என்றார். அந்த நேர்மையிலேயே எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது, மீதிப் பாதி இரண்டு மடங்காகிவிட்டது. கூடப் படித்த ஒருவருக்குப் போன் போட்டு நிறைய கேட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பிடிக்கச் சொன்னார். என் பிடியிலிருந்து டெகு நழுவப் பார்த்தது.

"தள்ளு," என்று கணவர் வாங்கிக்கொண்டார். உள்ளங்கையில் அதன் நெஞ்சைத் தாங்கி, இரண்டு விரலால் கழுத்தைச் சுற்றி வளைத்து, பின்னங்காலை மட்டும் வெளியே நீட்டிக் கொடுத்தார். டாக்டர் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துத் துடைத்து ரோமத்தைப் பிரித்தார். மேலே விளக்கு, கையில் பூதக்கண்ணாடி. டெகு கணவரின் கட்டைவிரலில் பல்லை இறக்கியது. ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்தது. அவர் கையை எடுக்கவில்லை. முறுக்கவும் இல்லை.

"எலும்பு உடைஞ்ச மாதிரி தெரியல. நசுங்கின அடையாளமும் இல்ல," என்று முனகிக்கொண்டே வந்த டாக்டர் நிறுத்தினார். "இங்க ஏதோ கறுப்பா இருக்கே."

புண் பக்குத்தட்டியிருக்கிறது என்று நினைத்தேன். டாக்டர் ஊசி முனையால் நெம்பினார். கணுவுக்கு மேலே, சதைக்குள் புதைந்து, ஒரு வளையம். மெல்லிய கத்தரியால் வெட்டி, இடுக்கியில் எடுத்து, வெள்ளைப் பஞ்சின் மேல் வைத்தார். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமனான ஒரே ஒரு இழை.

"நூல்மா. கட்டினது மாதிரி முடிச்சு இருக்கு. இது இறுக்கித்தான் ரத்த ஓட்டம் நின்னிருக்கு. யாரு கட்டினா?"

கடித்துத் துப்பியது மற்ற இழைகளை. இது மட்டும் ரோமத்துக்குள் தங்கி, அது இழுக்க இழுக்க இறுகியிருக்கிறது. சுவரில் ஒரு பசு மாட்டின் படம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பழைய துணி போட்டிருந்தோம் டாக்டர். அதுல உள்ள நூலு சுத்திருக்கும்," என்றார் கணவர். கட்டைவிரலில் இன்னும் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

இந்த அனுபவத்தில் எதை மறந்தாலும், அந்த நிமிடம் நான் பேசாமல் நின்றதை மறக்க முடியவில்லை.

டாக்டர் சொன்னது இதுதான். நான்கு நாள் பார்ப்போம். பாதத்துக்குச் சூடு திரும்பினால் பிழைத்தது. கறுத்துக்கொண்டே போனால் காலை எடுக்க வேண்டிவரும். இவ்வளவு சின்ன உடம்பு மயக்க மருந்தைத் தாங்குமா என்பது தெரியாது. துணி கூடாது, வெள்ளைப் பேப்பர் மட்டும். மண் குளியல் கூடாது. எண்ணெய் கூடவே கூடாது.

வழியில் ஒரு டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தினார். மழை தூறிக்கொண்டிருந்தது.

"அந்தக் கயிறு," என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். டீ குடிக்கியா?" என்றார்.

அடுத்த நான்கு நாட்கள் எப்படிப் போயின என்று கேட்டால், உப்புத் தண்ணீராகத்தான் ஞாபகம் இருக்கிறது. கொதிக்கவைத்து ஆறிய உப்புத் தண்ணீர். அதில் பஞ்சை நனைத்துக் காலையும் மாலையும் புண்ணைத் துடைக்க வேண்டும். மருந்து ஒரு சொட்டு, கடைவாயில். அரைத்த புல்லை ஊசி மாட்டாத சிரிஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். அவர் பிடிப்பார், நான் துடைப்பேன். ஒருவர் முகம் ஒருவருக்கு அரையடி தூரத்தில். பேச்சில்லை. 'கொஞ்சம் திருப்புங்க', 'போதுமா', 'விடலாமா', இவ்வளவுதான். தினமும் புறங்கையை அந்தப் பாதத்தில் வைத்து வைத்துப் பார்ப்பேன், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. அங்கே நெற்றி சுடக் கூடாது என்று வேண்டினேன். இங்கே சுட வேண்டுமே என்று வேண்டினேன்.

மகள் தினமும் கூப்பிட்டாள். நூல் ஒன்று சுற்றியிருந்தது, எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். எந்த நூல், எப்படி வந்தது என்று அவள் கேட்பதற்குள் பேச்சை மாற்றினேன். அப்போதும் அவள் அப்பாவைக் கேட்கவில்லை. டிவிச் சத்தம் குறைந்தது, கூடியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீக்கம் வற்றி, கால் தன் உருவத்துக்கு வந்திருந்தது. பாதம் வெதுவெதுப்பாக இருந்தது. ஓரத்து விரல்கள் இரண்டு மட்டும் காய்ந்த மிளகு மாதிரி கறுத்துச் சுருங்கிக் கிடந்தன. அவை தானாக விழுந்துவிடும், கால் தப்பித்துவிட்டது என்று டாக்டர் போனில் சொன்னார். நான் சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்தேன். சந்தோஷப்படக்கூட உடம்பில் தெம்பில்லை. கால் பிழைக்கிறவரை பொறுத்திருந்த இன்னொன்று அப்போது முன்னால் வந்து நின்றது.

மகளுக்கு நானே போன் செய்தேன்.

"அது துணி நூல் இல்ல. நீ வேண்டாம்னு விட்டுட்டுப் போனியே, அந்தக் கறுப்புக் கயிறு. நான்தான் கட்டினேன். அப்பா கதவைப் போடவே இல்ல."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எனக்குக் கட்ட முடியலைன்னு அதுக்குக் கட்டினியாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள். கோபமா, அழுகையா, சிரிப்பா, மூன்றும்தானா தெரியவில்லை. போனை வைத்துவிட்டாள். ஒரு நிமிடத்தில் ஹாலில் அவருடைய போன் அடித்தது.

எனக்குக் கேட்டது அவர் பக்கத்துப் பேச்சு மட்டும்தான். "ம்... சொல்லு." நீண்ட இடைவெளி. "அதனால என்ன... விடு... அழாத." இன்னும் நீண்ட இடைவெளி. "உங்க அம்மைய ஒண்ணும் சொல்லாத. ஒரு வாரமா அவ சரியா உறங்கல. சாப்பிட்டியா நீ?"

பிறகு நான் போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன். கட்டைவிரலில் கட்டுப் போட்டிருந்தார். "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் இந்த வாக்கியத்தை அவரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

அவர் டிவியை அணைத்தார்.

"ஸ்டேஷன்ல ஒருத்தனைப் பாத்ததும் இவன்தான்னு தோணிரும். தோணினதும் காது அடைச்சுப் போவும். அவன் இல்லைங்கய்யான்னு ரெண்டு தடவை சொல்லுவான். மூணாவது தடவை சொல்ல மாட்டான். சொல்லிப் பிரயோஜனம் இல்லைன்னு அவனுக்குத் தெரிஞ்சிரும். நாங்க, பேசாம இருக்கான், அப்ப ஒத்துக்கிட்டான்னு எடுத்துக்கிடுவோம்." விரல் கட்டைச் சரிசெய்துகொண்டார். "அப்படிப் பேசாம நின்ன ரெண்டு மூணு பேரு முகம் எனக்குள்ள இன்னும் கிடக்கு. இந்த வாரம்தான் அவங்க நின்ன எடத்துல நின்னு பாத்தேன். சரி, சோறு போடு."

டெகு இப்போதும் எங்களிடம்தான் இருக்கிறது. இரண்டு விரல் குறைவு. ஓடும்போது இடது பக்கம் லேசாகச் சாய்கிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. மகள் புது வீடு பார்த்துவிட்டாள், ஆனால் அதைக் கேட்கவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை. வகுப்பில் ஏதாவது உடைந்து, ஒரு பிள்ளையின் பெயர் என் நாக்கு நுனிவரை வந்துவிடுகிற நேரங்கள் உண்டு. அப்போதெல்லாம், இரண்டு முறை இல்லை என்று சொல்லிவிட்டு அதற்குமேல் பேசாமல் போன என் வீட்டு மனிதரின் முகம் குறுக்கே வருகிறது, மூன்றாவது முறையும் அந்தப் பிள்ளை வாய் திறக்கட்டும் என்று, எவ்வளவு களைப்பாக இருந்தாலும், நான் காத்து நிற்கிறேன்.